டெனிஸைப் புதைத்த இடம்

நிவித்திகல ஊருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துப் பாதையின் வளைவில் சிங்களக் கிராமத்து ஆட்கள் வழியை மறித்து நின்றார்கள். மெழுகுதிரிகளோடு வந்த தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்கள் நின்றுவிட்டார்கள்.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் எரிக்கப்பட்ட லயம், தொழிலாளர் குடியிருப்பு வரிசை, வளைவுக்கு அப்பால்தான் இருந்தது. அன்று, அங்கே குடியிருந்த மரியாயியும் அவள் அம்மாவும் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். தம்பி டெனிஸ் காய்ச்சலில் தனியே படுத்திருந்தான். அவர்கள் புகையைத்தான் பார்த்தார்கள். உடல் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு ஜெபமாவது வைக்க வேண்டும் என்று இப்போது மரியாயிதான் எல்லாரையும் கூட்டி வந்திருந்தாள்.

"இன்னைக்கு மெழுகுதிரி. நாளைக்குக் காணி கேப்பீங்க!" முன்னால் நின்றவன் சிங்களத்தில் கத்தினான்.

"காணி வேணாம். கும்பிட்டுட்டுப் போறோம்," என்று மரியாயியின் மகள் சுகந்தி சிங்களத்திலேயே சொன்னாள்.

"எங்களைக் கொலைகாரங்கன்னு சொல்லத்தானே வந்தீங்க?"

அவன் சுகந்தியின் தோளைப் பிடித்துத் தள்ளினான். தோட்டத்துப் பையன்கள் பாய்ந்தார்கள். மரியாயி குறுக்கே விழுந்து தடுத்தாள். "கைய வைக்காதீங்கடா! பொலிஸ் வந்தா நம்மளத்தான் புடிச்சிட்டுப் போவாங்க."

அப்போது பக்கத்து வீட்டிலிருந்து கிராமத்து முதியவர் பியதாச மண்வெட்டியோடு இறங்கி வந்தார். கத்தியவன் அவருடைய மகன்தான். எல்லாரும் பின்வாங்கினார்கள்.

"தாத்தே, நீங்க உள்ள போங்க," என்று அப்பாவிடம் சொன்னான் மகன்.

பியதாச அவனைப் பார்க்கவில்லை. மரியாயியிடம் சொன்னார்: "அந்தப் பையன் லயத்துல இல்ல. நான்தான் புதைச்சேன். ஓடைப் பக்கம், பலாமரத்தடியில."

மரியாயி அவர் முன்னால் வந்தாள். "அன்னைக்கு வந்த கூட்டத்துல நீங்களும் இருந்தீங்களா?"

"பின்னால நின்னேன். நெருப்பு வைக்கல. தடுக்கவும் இல்ல." அவர் மண்வெட்டியைத் தரையில் ஊன்றினார். "மறுநாள் விடிகாலையில போய்த் தூக்கிட்டு வந்தேன். எங்க ஆளுங்களுக்குப் பயந்து யார்கிட்டயும் சொல்லல."



"இவ்வளவு வருஷமா உங்க வாசல் வழியாத்தான் கொழுந்துக்குப் போனேன்," என்றாள் மரியாயி. "உங்க வீட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சிருக்கேன். ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே?"

பியதாச மகனைக் கையால் விலக்கிவிட்டு முன்னே நடந்தார். தோட்டத்துக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். கிராமத்தாரில் சிலர் முணுமுணுத்தபடி கலைந்தார்கள். சிலர் தூரத்தில் பின்தொடர்ந்தார்கள்.

பலாமரத்தடியில் பியதாச புதரை வெட்டி இடத்தைக் காட்டினார். அப்புறம் மண்டியிடப் போனார்.

"வேணாம்," என்றாள் மரியாயி. "மன்னிக்க என்னால இப்போ முடியாது. ஆனா போயிடாதீங்க. அவன எப்படிக் கண்டீங்க, எதுல சுத்துனீங்க, எல்லாத்தையும் சொல்லுங்க. இவங்களும் கேக்கட்டும்."

"எங்கம்மாவோட போர்வையிலதான்..." என்று பியதாச தொடங்கினார்.

மரியாயி மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவர் நிறுத்தினார்.

"சொல்லுங்க," என்றாள் அவள். பியதாச சொல்லிக்கொண்டே போனார். அவர் மகன் சற்றுத் தள்ளி, தலையைக் குனிந்தபடி, கடைசிவரை நின்று கேட்டான்.