போன கோட்டின் மேல்

மாலை வகுப்பில் அவள் உட்கார்ந்திருந்தது ஜன்னலோரத்து மூன்றாவது பெஞ்சில். அது கணவனுடைய இடம். பகலில் பள்ளிப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு என்பதால் முழங்கால் மேல்பலகையில் இடித்துக்கொண்டே இருந்தது. வருஷம் முடிகிறவரை அந்த இடம் காலியாகக் கிடக்க வேண்டாமே என்று வாத்தியாரிடம் சொல்லியிருந்தாள். உண்மையில் அவள் வந்தது ஒரு கேள்வி கேட்க. அதுவும் அவளுடைய கேள்வி இல்லை, நாத்தனாருடையது.

"எந்தப் புண்ணியவான் அவனுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தான்னு கேட்டுட்டு வா. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பியிருந்தாள் நாத்தனார்.

கணவனுக்கு வயிற்றில் ஒரு முறை அறுவை சிகிச்சை நடந்தது. சில மாதங்கள் நன்றாகத்தான் இருந்தான். பிறகு டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மறுபடி திறக்க வேண்டும், அதே இடத்தில் என்றார். பிழைப்பது பாதிக்குப் பாதி என்றார். அந்த அறையில் இவளும் நாத்தனாரும் இருந்தார்கள். அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். பிறகு, "ஒரு தடவை போன தடத்துல மறுபடி கத்தி போகக் கூடாது டாக்டர்" என்றான். "இது எந்தப் புத்தகத்துல சார் வருது?" என்று டாக்டர் கேட்டார். அவன் சிரித்தான். அதன் பிறகு யார் கெஞ்சியும் மருத்துவமனைப் பக்கம் போகவில்லை. அவன் போய்ச் சேர்ந்தபோது நாத்தனார் அழுதாள், மயங்கி விழுந்தாள், எழுந்து, வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்தாள். இவளுக்கு ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஈறில் போடுகிற ஊசியை உடம்பு முழுக்கப் போட்டதுபோல இருந்தது. தொட்டால் தொடுவது தெரிந்தது, அவ்வளவுதான்.

வாத்தியாருக்கு முப்பது வயதுதான் இருக்கும். பகலில் எங்கோ கணக்கு எழுதிவிட்டு, மாலையில் தத்துவம் நடத்துகிறவர். அன்றைக்கு ஆளுக்கு ஒரு சிந்தனையாளரைச் சொல்ல வேண்டும், தன் வாழ்க்கையை அதிகமாக மாற்றியவர் யார் என்று. மருந்துக் கடைக்காரர் எழுந்து தாடி வைத்த ஒருவரைப் பற்றி வெகுநேரம் பேசினார். பாங்க்காரர், "அவர் அப்படிச் சொல்லலீங்க. நீங்க சொல்றது இன்னொரு தாடி" என்றார்.

"எல்லாருக்கும்தான் தாடி. அதுக்கு நான் என்ன பண்றது?"

தையல்காரம்மா தன் முறை வந்ததும் எழுந்திருக்கவே இல்லை. "என்னை மாத்தினது என் மாமியார்தான் சார். புத்தகம்லாம் எழுதல. பேசினாங்க, இருபது வருஷம்."

வகுப்பே சிரித்தது. தன் முகமும் சிரிப்பதை அவள் உணர்ந்தாள். பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்பதுபோல இருந்தது.

அவள் முறை வந்தது. அவள் எழுந்து, அவன் சொன்னதை அப்படியே சொன்னாள். எப்போது, எங்கே சொன்னான் என்பதையும் சொன்னாள். "இதைச் சொன்னது யாருன்னு தெரிஞ்சா போதும்" என்று முடித்தாள். வாத்தியார் கரும்பலகைத் துடைப்பானைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார். பெயர் பெயராக யோசித்தார். ஒருவர் சாவுக்குப் பயப்படாதே என்றவர், அது வேறு. ஒருவர் நம் கையில் இல்லாததை விட்டுவிடு என்றவர், கிட்டத்தட்ட அது மாதிரி, ஆனால் அது இல்லை. மருந்துக் கடைக்காரர், "கத்தின்னு வருதே, அப்ப பழைய ஆளா இருக்கணும்" என்றார்.

"எனக்குத் தெரிஞ்சு நம்ம வகுப்புல பாத்த யாரும் இப்படிச் சொல்லலம்மா" என்றார் வாத்தியார் கடைசியில். "அவரு எதையும் நாலு தரம் கேட்காம ஒத்துக்க மாட்டாரு. கேள்விக்காரர்னுதான் நாங்க கூப்பிடுவோம். இதை மட்டும் எப்படிக் கேள்வி கேட்காம எடுத்துக்கிட்டாருன்னு தெரியல."

கிளம்பும்போது தையல்காரம்மா ஒரு உறையைக் கையில் திணித்தாள். போன வருஷம் எல்லோரும் சேர்ந்து எடுத்த படத்திலிருந்து அவன் முகத்தை மட்டும் பெரிதாக்கியிருந்தார்கள். ஓரத்தில் தையல்காரம்மாவின் தோள் கொஞ்சம் விழுந்திருந்தது. "அதை வெட்டிரும்மா" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது, அவன் வகுப்பு முடிந்து வந்து சாப்பாட்டின்போது பேசுவதெல்லாம் நினைவுக்கு வந்தது. இன்னிக்கு ஒருத்தர் என்ன சொல்லியிருக்காருன்னா, என்று ஆரம்பிப்பான். அவள் உம் கொட்டுவாள். மனசு மறுநாள் கடையில் கொடுக்க வேண்டிய படச் சட்டங்களில் இருக்கும். அந்த ஒருத்தர்களில் ஒருவரைக்கூட அவளுக்குப் பெயர் சொல்லத் தெரியாது. தான் ஒழுங்காகக் கேட்டிருந்தால் கடைசியில் பதில் சொல்லவாவது தெரிந்திருக்கும் என்று நினைத்தாள். நினைத்தது வலிக்கவில்லை. வலிக்க வேண்டிய இடம் எது என்று மட்டும் தெரிந்தது.

மறுநாள் கடையைத் திறந்து கொஞ்ச நேரத்திலேயே நாத்தனார் வந்துவிட்டாள். படங்களுக்குச் சட்டம் போடும் கடை. இவளும் இவளுடைய அண்ணனும் நடத்துவது. அண்ணன் ஒரு ஹோட்டலுக்குப் படங்கள் மாட்டப் போயிருந்தான். இவள் கணவன் வழக்கமாக உட்காரும் ஸ்டூலை நாத்தனார் பார்த்தாள், உட்காரவில்லை. வேலை முடிந்து வகுப்புக்கு நேரமாகிறவரை அவன் அதில்தான் உட்கார்ந்து இவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"கேட்டியா?"

"கேட்டேன் அண்ணி. யாரும் அப்படிச் சொல்லலையாம்."

"சொல்லாம எப்படி? சுயமா யோசிக்கிறவனா அவன்? எந்தச் சட்டை போடறதுன்னு என்னைக் கேட்டுத்தான் பள்ளிக்கூடமே போவான். எவனோ சொல்லியிருக்கான். அந்த வாத்தி மழுப்பறான். இன்னிக்கு சாயங்காலம் நானே வரேன்."

"வாங்க."

"என்ன, வாங்கங்கற? உனக்கு ஒண்ணுமே இல்லையாடி?"

அவள் படத்தை மேஜைமேல் விரித்தாள். நாத்தனாரின் குரல் அப்படியே அமுங்கிப்போனது. படத்துக்குப் பக்கத்தில் குனிந்து, "காது அப்பா மாதிரி" என்றாள். "இதுக்கு நல்ல கண்ணாடியாப் போடு."

அவள் தையல்காரம்மாவின் தோளை அளவு வைத்து வெட்டி எடுத்தாள். வெறும் துணியும் கொஞ்சம் கழுத்தும். அதைக் குப்பையில் போட மனம் வரவில்லை, மேஜை இழுப்பறைக்குள் போட்டாள். பிறகு கண்ணாடியைத் துணிமேல் கிடத்தி, கண்ணாடி வெட்டும் கட்டரை மண்ணெண்ணெயில் தோய்த்து, மரக்கோலை அழுத்திப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். எப்போதும் பட்டுக் கிழிவதுபோல ஒரு சீரான சத்தம் வரும். இன்று பாதியில் சத்தம் விட்டுப்போய், திரும்ப வந்தது.

நாத்தனார் தலையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தாள். "நடுவுல கோடு விழவே இல்ல பாரு. இன்னொரு இழு இழு."

"ஒரு தடவை போன கோட்டுல மறுபடி கட்டர் போகக் கூடாது அண்ணி" என்றாள் அவள், தலையைத் தூக்காமல். கட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சொல்லி முடித்த பிறகுதான் அது காதில் விழுந்தது.

எப்போதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் ஒண்ணு வெட்டிப் பாக்கட்டுமா என்று அவன் கட்டரை வாங்கினான். போன கோட்டிலேயே திரும்பத் திரும்ப ஓட்டி, நல்ல பெரிய கண்ணாடி ஒன்றைக் கோணல்மாணலாகச் சிதறடித்தான். "ஒரு தடவை போன கோட்டுல மறுபடி கட்டர் போகக் கூடாதுங்க. போனா அது நம்ம பேச்சைக் கேக்காது" என்று சில்லுகளைப் பெருக்கிக்கொண்டே அவள் சொன்னாள். அவன், ஏன், என்று கேட்டான். மறுபடியும் கேட்டான். அவள் பதில் சொல்லிக்கொண்டே போனாள், கை வேலையில் இருந்தது. கடைசியில் அவன், சரி, என்றான். ஸ்டூலில் போய் உட்கார்ந்தான்.

கடைக்கு வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போட்டார்கள். நாத்தனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அறையில் அன்றைக்கு அவளும் இருந்தாள். இவள் நிமிர்ந்து அந்தக் கண்களைப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது.

கண்ணாடி பாதி வெட்டுப்பட்டுக் கிடந்தது. அதை அப்படியே வைக்க முடியாது. கோடு மங்கின இடத்தில் அடியிலிருந்து மெல்லத் தட்டி உடைக்க வேண்டும். அதற்கு மறுமுனையை ஒருவர் பிடித்துக்கொள்வது நல்லது. எப்போதும் அண்ணன் பிடிப்பான், அண்ணன் இல்லாதபோது கணவன். அவள் ஒரு ஓரத்தை உயர்த்தி, கட்டரின் பிடியால் கீழிருந்து தட்டினாள். ஒரு விரிசல் மெல்லிய வெள்ளை நூலாகக் கிளம்பி, கோட்டோடு நேராக வந்து, நடுவில் நின்றது. அடுத்து அது எந்தப் பக்கம் திரும்பும் என்று அவளுக்குத் தெரியாது.

நாத்தனார் கைப்பையைத் தரையில் வைத்தாள். சுற்றிக்கொண்டு மேஜையின் எதிர்ப்பக்கம் வந்தாள். ஓரம் கையைக் கிழிக்கும் என்று தெரியாமல், வெறும் விரல்களால் மறுமுனையைப் பிடித்தாள்.

"இப்படியா?" என்றாள்.

அவள் தலையசைத்தாள். இரண்டு பேருக்கும் நடுவில், கண்ணாடிக்குப் பக்கத்தில், படத்தில் அவன் லேசாகச் சிரித்துக்கொண்டு கிடந்தான். அவள் மறுபடி தட்டுவதற்காகக் கையைக் கீழே கொண்டுபோய், அங்கேயே வைத்திருந்தாள்.