மாடத்தியின் கை

விருதுநகரில் மிளகாய் வத்தல் மூட்டைகள் அடுக்கிவைத்த ஒரு பழைய கிட்டங்கியில் ஓவியர்கள் சிலர் சேர்ந்து கண்காட்சி வைத்திருந்தார்கள். பட்டாசு முதலாளி மகள் ஆர்த்தி, தங்கள் கம்பெனிப் பெண்களின் உள்ளங்கைகளை, பட்டாசுக்குப் போடும் வெள்ளிப் பொடியில் ஆள் வைத்து ஒற்றி வாங்கி, கறுப்புத் தாளில் பேரோடு மாட்டியிருந்தாள். பசை போடாததால் பொடி நாளுக்கு நாள் உதிர்ந்தது.

அந்தப் பெண்களில் ஒருத்தியான பாண்டிச்செல்வி, நாத்தனார் மாடத்தியோடு பார்க்க வந்திருந்தாள். அவள் பேருக்கு மேலே ஐந்து விரல்கள் இருந்தன. அவளுக்கோ வலக்கையில் மூன்றுதான். மற்ற இரண்டும் சில வருசம் முன்னே அதே கம்பெனியில் நடந்த வெடிவிபத்தில் போய்விட்டன. கோபித்துக்கொள்ளாதீர்கள் கண்ணுகளா, ஒற்றிய அன்று வெட்கப்பட்டுத் தனக்குப் பதிலாக மாடத்தியை அனுப்பிவிட்டாள். ஆள் மாற்றி வேலைக்குப் போவது அங்கே பழக்கம்தான்.

"மதினி, ஒங்க பேருல என் கை எம்புட்டு அழகா இருக்கு பாருங்க!" என்று மாடத்தி கிசுகிசுத்தாள்.

ஆர்த்தி ஓடி வந்தாள். "பாண்டியக்கா, ஒங்க கையைக் காட்டித்தான் எங்கப்பா எல்லார்ட்டயும் சொல்றாங்க, இருபது வருசமா நம்ம கம்பெனியில ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலைன்னு."

முந்தானைக்குள் இருந்த கையை வெளியே எடுக்கப் பாண்டிச்செல்விக்கு வெகுநேரம் பிடித்தது.

"அது இவ கைம்மா. என்னோடது இதுதான். வெக்கப்பட்டு மறைச்சிட்டேன்."

 மாடத்தி போய், மதினியின் கையை ஒற்ற ஒரு புதுத் தாள் கேட்டு வாங்கி வந்தாள்.