இரண்டாம் நபரின் குரல்

நான்காவது நிமிடத்தில் அந்தக் குரல் முதல்முறையாகக் கேட்டது. "ம்" என்றது. அவ்வளவுதான். திரையின் அடியில் ஓடும் காலக்கோட்டில் மென்பொருள் அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தது. அதன் பிறகு வரிசையாகப் புள்ளிகள், முதுகில் வியர்க்குரு போட்ட மாதிரி. எண்ணிக்கையை ஓரத்தில் அதுவே காட்டியது. நூற்றுப் பன்னிரண்டு. தேர்வு எழுதுகிறவள் பேர் பூங்குழலி, வயது இருபத்தாறு, ஊர் கோபிநத்தம்.

எங்கள் அலுவலகம் தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு துணிக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருக்கிறது. கம்ப்யூட்டர் பாடத்தை இணையத்தில் இலவசமாகச் சொல்லித்தரும் ஒரு நிறுவனத்துக்காக நாங்கள் தேர்வுப் பதிவுகளைப் பார்க்கிறோம். பக்கத்தில் கல்லூரி இல்லாதவர்கள், இருந்தும் போக முடியாதவர்கள், வீட்டிலிருந்தே படித்து வீட்டிலிருந்தே எழுதுகிறார்கள். எழுதும் இரண்டு மணி நேரமும் அவர்களுடைய கேமரா அவர்களையே பார்த்துக்கொண்டிருக்கும். மென்பொருள் புள்ளி வைத்த இடங்களை நாங்கள் ஓட்டிப் பார்த்து, விதி மீறப்பட்டதா இல்லையா என்று குறிக்க வேண்டும். ஒரு பதிவுக்கு நான்கு நிமிடம். ஒரு நாளைக்கு நூறு முகம்.

அதற்கு முன்பு பதினொரு வருடம் ஒரு பள்ளியில் பி.யூ.சி. பிள்ளைகளுக்கு இதே பாடத்தைத்தான் நடத்தினேன். பள்ளி, பாடத்தை ஒரு செயலிக்கு மாற்றிவிட்டு என்னை அனுப்பிவிட்டது. அதில் வருத்தம் இருந்திருக்க வேண்டும். தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் அது வேறு யாருடைய கன்னமோ போல இருக்குமே, அப்படித்தான் எனக்கு எல்லாமே இருக்கிறது. எப்போதிலிருந்து என்று சொல்லத் தெரியவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அந்த முகங்கள் கனவில் வந்தன. பிறகு கனவே வரவில்லை.

இந்தப் பெண்ணின் பதிவை நான்கு நிமிடத்தில் முடிப்பதற்கு ஒன்றும் கஷ்டமில்லை. அறையில் இன்னொருவர் இருக்கிறார், குரல் கேட்கிறது, விதி மீறல், ரத்து. குறிக்கப்போனபோதுதான் மேலே ஒரு மஞ்சள் பட்டை கண்ணில் பட்டது. 'முந்தைய தேர்வு ரத்து. காரணம்: இரண்டாம் நபரின் குரல். பார்வையாளர் எண் 14.' பதினான்கு நான்தான். மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி. எவ்வளவு யோசித்தும் எனக்கு அந்த முகம் ஞாபகம் வரவில்லை. இரண்டாவது முறையும் ரத்தானால் அவள் கணக்கே மூடப்படும். இரண்டு வருடம் படித்த படிப்புக்குச் சான்றிதழ் கிடையாது.

பழைய பதிவைத் திறந்தேன். அதே அறை, அதே பச்சைச் சுவர். அவள் தலைக்குப் பின்னால் புலிமேல் உட்கார்ந்த மாதேஸ்வரன் படம் போட்ட காலண்டர் தொங்கியது. புதிய பதிவில் காலண்டர் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு வெளிறிய சதுரமும் ஆணியும் மட்டும் இருந்தன. ஜன்னலைச் சாத்தி, விளிம்பில் துணி செருகியிருந்தாள். மூலையிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியையும் காணோம்.

ரத்து ஆனவர்களுக்கு நாங்கள் அனுப்பும் கடிதம் எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் எட்டு விதிகளைப் போட்டு, இவற்றில் ஏதோ ஒன்று மீறப்பட்டது என்று சொல்லும். எது என்று சொல்லாது. அவள் உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். தன் பின்னால் இன்னொரு முகம் தெரிந்ததுதான் குற்றம் என்று முடிவு செய்து சாமியை இறக்கி வைத்திருக்கிறாள். குரலைப் பற்றி அவளுக்குத் தோன்றவேயில்லை.

காதுக்கருவியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து ஓடவிட்டேன். கேள்வி ஆங்கிலத்தில் இருந்தது. அவள் அதை வாய்க்குள் ஒருமுறை படித்தாள். பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேச ஆரம்பித்தாள்.

"ஆயிரம் பேரோட பேரு வரிசையா இருக்குதுங்கத்தை. அதுல ஒரு பேரைத் தேடோணும்."

"ம்."

"மொதல்ல இருந்து போனா பொழுது போயிரும். அதனால நட்டநடுவுல தொறந்து பாக்கறனுங்க."

"ம்."

"நம்ம பேரு அதுக்கு முன்னால வர்றதா இருந்தா, பின்னால இருக்கற பாதியத் தூக்கி வீசிறலாம்."

"ம்."

"மிச்சத்துல மறுக்கா நடுவுல தொறக்கறது. அப்படியே."

"ம்."

அந்தக் குரலுக்குக் கீழே ஒரு மெல்லிய டொக், டொக். மென்பொருள் அதை விசைப்பலகைச் சத்தம் என்று நினைத்து விட்டுவிட்டது. எனக்குத் தெரிந்தது, புளி தட்டிக் கொட்டை எடுக்கிற சத்தம். அத்தை, அதாவது புருஷனைப் பெற்றவள், கேமராவுக்கு இடதுபக்கம் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். கை வேலையில் இருக்கிறது, காது இங்கே இருக்கிறது. கதை சொல்கிறவருக்கு ஒருவர் ம் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் கதை நகராது. இந்தப் பெண் இரண்டு வருடப் பாடத்தையும் இப்படித்தான் படித்திருக்கிறாள் என்பது புரிந்தது. ஆங்கிலத்தில் கேட்டதை அத்தைக்குத் தமிழில் சொல்லிச் சொல்லி.

"ஏன் மேடம், சினிமா நோட்தா இதீரா?" என்று பின்னாலிருந்து உமேஷின் குரல், சினிமா பார்க்கிறேனா என்று கன்னடத்தில். எங்கள் குழுத் தலைவன். இருபத்தெட்டு வயது, கன்னடக்காரன், தமிழ்க்காரர்கள் இருந்த தெருவில் வளர்ந்தவன். "முப்பத்தாறு நிமிஷமா ஒரே ஃபைல். இன்டர்வெலுக்கு பாப்கார்ன் வேணுமா?"

"இதுல ஒரு பொம்பள ம் சொல்றா உமேஷ்."

"அப்ப செகண்ட் பர்சன். ரிஜெக்ட் மாடிடுங்க."

"அவ ஒண்ணும் சொல்லித்தரல. வெறும் ம்."

அவன் குனிந்து ஒரு காதில் கருவியை வைத்துக் கேட்டான். கொஞ்ச நேரம் கேட்டான். "எங்கஜ்ஜி ஹீகே மாடோரு," என்றான். அவன் பாட்டியும் இப்படிச் செய்வாளாம். உடனே நிமிர்ந்துகொண்டான். "ஆனா ரூல் ரூல்தானே மேடம். ஹெல்ப் இல்லைன்னு நீங்க எழுதினா நான் கேக்க மாட்டேன். தமிழ் ஃபைல் எல்லாம் உங்க ஒருத்தருக்குத்தான். ரீசெக் போச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும். நாளைக்கு பத்து மணிக்குள்ள முடிச்சிடுங்க, ஆயித்தா?"

உதவி இல்லை. அப்படியே எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். எழுபத்தியோராவது நிமிடம் வரைக்கும்.

அங்கே வேறொரு கேள்வி. நூறு எண்களில் பெரியதைக் கண்டுபிடிக்க வேண்டும். அவளுக்குக் களைப்பு வந்திருந்தது, நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "நூறு நெம்பரு நிக்குதுங்கத்தை. எது பெருசுன்னு பாக்கோணும்."

"ம்."

"ஆரம்பத்துல பெருசு பூச்சியம்னு வச்சுக்கறேன்."

பதில் இல்லை.

என் கை தானாக மேசையைப் பிடித்தது. பதினொரு வருடமும் என் பிள்ளைகள் செய்த அதே தப்பு. எல்லா எண்ணும் பூஜ்யத்துக்குக் கீழே இருந்துவிட்டால், இல்லாத பூஜ்யம்தான் பெரியது என்று விடை வந்து நிற்கும். வரிசையில் முதலில் நிற்பதையே பெரியது என்று வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும்.

புளி தட்டுகிற சத்தமும் நின்றுவிட்டது. பதினோரு விநாடி. நான் எண்ணினேன். பெண்ணின் விரல்கள் விசைகளுக்கு மேலே அந்தரத்தில் நின்றன. அவள் இடதுபக்கம் திரும்பவில்லை, அந்தப் பக்கக் காது மட்டும் காத்திருப்பது தெரிந்தது. பிறகு, "இல்ல, இல்ல," என்று எழுதியதை அழித்தாள். "மொதல்ல நிக்கற ஆளையே பெரியாளுன்னு வச்சுக்கறனுங்க."

"ம்." டொக், டொக்.

அத்தைக்குப் பூஜ்யம் தெரியுமா, வரிசை தெரியுமா? தெரியாது. ஆனால் இந்தக் கதையை நாற்பது முறை கேட்டிருப்பாள். சின்னப் பிள்ளைக்குக் கதை சொல்லும்போது நரிக்குப் பதில் முயல் என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தால் அது உடனே நம் முகத்தைப் பார்க்குமே, அப்படித்தான். நூற்றுப் பன்னிரண்டு முறை அவள் வாய் திறந்ததில் ஒரு உதவியும் இல்லை. திறக்காத ஒரே ஒரு முறை உதவியிருக்கிறாள். அந்த இடத்தில் மென்பொருள் புள்ளி வைக்கவில்லை. அது எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கிறது.

அல்லது அத்தைக்குத் தொண்டை கமறியிருக்கலாம். புளிக்கொட்டை ஒன்று உருண்டு ஓடியிருக்கலாம், தேடப் போயிருக்கலாம். அந்தப் பதினோரு விநாடியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒன்றுமில்லாததை எத்தனை முறை கேட்டாலும் ஒன்றுமில்லைதான்.

ஆறு மணிக்குப் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் இஸ்ரவேல் சாப்பாட்டு மேசையில் தட்டுக்கு முன்னால் தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்து வைத்திருந்தார். யாரோ கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மகள் ஷாரன் சோபாவில் லேப்டாப்போடு. பாத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டே, "ஷாரன், சாப்ட வாம்மா," என்றேன்.

"ஸ்வல்ப சும்னிரு மம்மி, கிளாஸ் நடீத்தா இதே," என்றாள் திரையைப் பார்த்தபடி, கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லி.

இஸ்ரவேலுக்குச் சாம்பார் ஊற்றினேன். "இன்னைக்கு ஆபீஸ்ல ஒரு ஃபைல் வந்துச்சு," என்றேன்.

"ம்."

"கோபிநத்தம் பொண்ணு. ரொம்ப நல்லாப் படிச்சிருக்கா."

"ம்."

சரியான இடைவெளியில், சரியான அழுத்தத்தில் வந்தது அந்த ம். இருபத்திரண்டு வருடப் பழக்கம். நான் பார்த்தேன், அவர் நல்ல மனிதர்தான். தாடையில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. என் வாய் தன்பாட்டில் பேசியது.

"அப்பறம் மார்க்கெட் கிட்ட ஒரு பஸ் என்மேல ஏறிடுச்சு."

"ம்."

"அங்கயே செத்துட்டேன்."

"ம்... உப்பு கொஞ்சம் கம்மி மோலி."

உப்பு ஜாடியை நகர்த்தி வைத்தேன். கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன், பஸ்ஸுக்கு நிற்பது போல. வரவில்லை. ஷாரன் ஒரு காதுக்கருவியைக் கழற்றி, அதைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் மம்மி, என்ன சொன்னே இப்போ?"

"ஒண்ணுமில்ல. கிளாஸைப் பாரு."

அவள் கருவியைத் திரும்ப மாட்டவில்லை. நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

மறுநாள் ஒன்பதரைக்கு அலுவலகத்தில் ஆள் குறைவு. கீழே மல்லிகைக் கூடைகளை இறக்கும் சத்தம் படிக்கட்டு வழியாக மேலே வந்தது. பதிவைத் திறந்தேன். 'இரண்டாம் நபர் தேர்வருக்கு உதவினாரா?' ஆம், இல்லை. கீழே இரண்டு வரி எழுத ஒரு கட்டம்.

உண்மையை எழுதினால் ஆம். அந்தப் பதினோரு விநாடியை யாருக்கும் விளக்க முடியாது, ஆனாலும் அது ஆம்தான். பள்ளியில் நான் பாடம் நடத்தும்போது முன்வரிசையில் ஒரு முகம் லேசாகச் சுருங்கும். அதைப் பார்த்து நான் கரும்பலகையில் திரும்பி என் தப்பைக் கண்டுபிடித்திருக்கிறேன். எத்தனையோ நாள். அதை யாரும் விதி மீறல் என்று சொல்லவில்லை. அதற்குப் பேர் வகுப்பு.

'இல்லை' என்பதை அழுத்தினேன். கட்டத்தில், 'தேர்வர் கேள்வியைத் தாய்மொழியில் சொல்லிப் பார்க்கிறார். வீட்டில் இருப்பவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். பதில் எதுவும் சொல்லித்தரவில்லை' என்று எழுதினேன். கடைசி வாக்கியத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அதில் ஒவ்வொரு சொல்லும் சரியாகத்தான் இருந்தது. அனுப்பப் பார்த்தால் பொத்தான் சாம்பல் நிறத்திலேயே இருந்தது. பதிவின் கடைசி நான்கு நிமிடத்திலும் புள்ளிகள் இருந்தன, அவற்றை நான் இன்னும் பார்க்கவில்லை, பார்த்து முடித்தால்தான் திறக்கும்.

ஓடவிட்டேன். அவள் கடைசி விடையைத் தட்டிக்கொண்டிருந்தாள். பேச்சு நின்று வெகு நேரமாகியிருந்தது, புளிச் சத்தமும் இல்லை. நேரம் முடிந்தது என்று அவள் திரையில் வந்திருக்க வேண்டும். நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டாள். கேமரா இன்னும் ஓடுவது அவளுக்குத் தெரியவில்லை.

"முடிஞ்சு போச்சுங்கத்தை," என்றாள்.

பதில் வரவில்லை. அவள் காத்திருந்தாள்.

"ம்," என்றேன்.

சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். எதிர்வரிசையில் பையை வைத்துக்கொண்டிருந்த உமேஷ் நிமிர்ந்து பார்த்தான். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இரண்டு மணி நேரத்தில் முதல்முறையாக அவள் முழுதாக இடதுபக்கம் திரும்பினாள். தரையில் எதையோ பார்த்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு தொடங்கி, சத்தம் வராமல் அங்கேயே நின்றது. தோளில் கிடந்த துண்டை மெதுவாக உருவி, அதை விரித்துப் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் திரைச் சட்டத்துக்கு வெளியே போனாள்.

காலி நாற்காலி. பச்சைச் சுவரில் வெளிறிய சதுரம், அதன் உச்சியில் ஆணி. எங்கேயோ கீழேயிருந்து சீரான மூச்சு ஒன்று, இழுத்து, விட்டு. காலக்கோட்டில் அதற்கும் ஒவ்வொன்றாகச் சிவப்புப் புள்ளி வைக்கப்பட்டிருந்தது.