சந்தோஷம், துக்கம், இரண்டுமில்லை

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதி என்ற பெருந்தெருவுக்கும் கடலுக்கும் நடுவே, ஒரு ஃபிளாட்டின் மூன்றாம் மாடியில் ஷஹீமாவுக்கு வேலை. அரபுக்காரர்கள் ஃபேஸ்புக்கில் எழுதித் தள்ளுவதை வாசித்து, எழுதியவருக்குச் சந்தோஷமா, துக்கமா, இரண்டுமில்லையா என்று மூன்று பட்டன்களில் ஒன்றை அழுத்த வேண்டும். இப்படி இலட்சக்கணக்கில் அழுத்தினால், அதைப் பார்த்துப் பார்த்தே ஒரு கம்ப்யூட்டர் மனிதர் மனதைப் படிக்கப் பழகிவிடுமாம். டீப் லேர்னிங் என்று பெயர். அவள் புருஷன் பதியுதீனுக்குக் கல்யாணமாகிப் பதினேழு வருஷமாகியும் பிடிபடாத வித்தை அது.

அரபு எழுத்து, சின்ன வயதில் குர்ஆன் ஓதப்போன இடத்தில் படித்தது. பேச்சு, குவைத்தில் நாலு வருஷம் ஒரு வீட்டுக் குசினியில் சமைத்துக் கழுவிப் படித்தது. இரண்டும் சேர்ந்த ஆள் கொழும்பில் இலேசில் கிடைக்காது என்று மேற்பார்வைக்கார நிரோஷன் உடனே எடுத்துக்கொண்டான். அவனுக்கு அரபில் ஓர் எழுத்தும் தெரியாது. சதவீதம் தெரியும்.

நூறு பதிவுகளில் பத்து, சோதனைப் பதிவுகள். அவற்றுக்கு விடை முன்பே யாரோ எழுதிவைத்தது; அதோடு ஒத்துப்போக வேண்டும். தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் வேலை போச்சு. பதியுதீன் அவளுடைய பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியில் கொடுத்தே வைத்திருந்தான். "வேல பெர்மனண்ட் ஆகல்லண்டா நோம்புக்கு முந்தி குவைத்துக்குப் போற தான்," என்று சொல்லிவிட்டான். மறுபடி அந்தக் குசினியா?

ஒரு புதன்கிழமை இப்படி வந்தது: "கைமாற்ற இலங்கைப் பணிப்பெண் உண்டு. சுத்தமானவள், அமைதியானவள். போன் கேட்கமாட்டாள், லீவு கேட்கமாட்டாள். மாஷா அல்லாஹ், எப்போதும் சிரித்த முகம்." குவைத்தில் ஷஹீமாவையும் ஒருமுறை வேறு வீட்டுக்கு விற்க இப்படி விளம்பரம் போட்டிருந்தார்கள். துக்கத்தை அழுத்தினாள். அது சோதனைப் பதிவு; தவறு என்று திரை சிவந்தது. சதவீதம் தொண்ணூறில் வந்து நின்றது.

நிரோஷன் எழும்பி வந்தான். "அக்கா, இது சந்தோஷமாம். எவ்வளவு நல்ல சொல் கிடக்கெண்டு சிஸ்டம் காட்டுது."

"தம்பி, இது ஆள விக்கிற விளம்பரம்."

"எழுதினவருக்கு என்ன ஃபீலிங் எண்டதுதான் கேள்வி. அந்தப் பிள்ளையின்ட ஃபீலிங்க ஆர் கேட்டது?"

உண்மைதான், யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு அதே மாதிரி இன்னும் ஆறு வந்தன. ஆறுக்கும் சந்தோஷத்தை அழுத்தினாள். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. சதவீதம் ஏறியது.

மாதக் கடைசியில் கம்ப்யூட்டர் பழகி முடிந்தது. நிரோஷன் ஒரு ஃபைலோடு வந்தான். "அரபில ஏதாவது ஒண்டு அடிச்சுப் பாருங்கோ அக்கா. சரியாச் சொல்லுதெண்டு நீங்க சைன் வச்சா கஸ்டமருக்கு அனுப்பலாம். உங்கட பெர்மனண்ட் லெட்டரும் இதுக்குள்ள தான் இருக்கு."

ஷஹீமா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். குவைத்தில் எசமானியின் காலடியில் நாலு வருஷமாகச் சொன்னதையே அடித்தாள்: "அம்மா, அல்லாஹ் உங்கள் பிள்ளைகளைச் சந்தோஷமாக வைக்கட்டும், உங்கள் வீடு நிறையட்டும், என்னை ஊருக்கு விடுங்கள்."

சந்தோஷம், தொண்ணூற்றேழு சதவீதம் என்றது கம்ப்யூட்டர்.

"சரிதானே அக்கா?"

ஃபைல் திறந்து கிடந்தது. கடிதத்தில் அவள் பெயர் தெரிந்தது.

"ஓம் தம்பி, சரி."

சொன்ன வாய் கசந்தது. இனி எந்தக் குசினியிலிருந்து எவள் இப்படிக் கெஞ்சி எழுதினாலும் கம்ப்யூட்டருக்கு அது சந்தோஷம்தான். ஷஹீமா பேனையை வாங்கி, கம்ப்யூட்டர் சரியாகச் சொல்கிறது என்ற வரிக்குக் கீழே தன் பெயரை எழுதினாள்.