வெள்ளிக்கிழமைக் கூட்டம்

கணக்கு டீச்சர்தான் முதலில் வாய் திறந்தார். ஏழாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு ஏறவே இல்லை. பக்கத்து வகுப்பில் பாடம் நடத்தும் அறிவியல் ஆசிரியரிடம், "சார், ஒரு நாள் என் கிளாஸ்ல வந்து உட்காருங்களேன்" என்று கேட்டார். தெருமுனை வரை கேட்கும் குரல் அந்த அறிவியல் ஆசிரியருக்கு. பிள்ளைகள் வைத்த பெயர் மைக்செட்.

அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, "டீச்சர், நீங்க போர்டுகிட்டதான் பேசுறீங்க. பிள்ளைங்ககிட்ட பேசல" என்றார்.

டீச்சருக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி நின்று நடத்திப் பார்த்தார். வகுப்பு அசைந்து கொடுத்தது.

அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் கடைசி மணி அடித்ததும் ஆசிரியர்கள் சிலர் ஆய்வகத்தில் கூடினார்கள். நாலு பேர் எட்டுப் பேரானார்கள். எது நன்றாக வந்தது என்று யாரும் பேசுவதில்லை. எங்கே சறுக்கியது என்பதுதான் பேச்சு.

ஒரு நாள் மைக்செட் குரலே எழும்பாமல் சொன்னார்: "பத்தாம் வகுப்பு மின்சாரப் பாடம் எனக்கே சரியா பிடிபடல. கேள்வி கேக்குற பிள்ளைய அதட்டி உட்கார வெச்சிடுறேன்." யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே பேட்டரியும் ஒயருமாக எல்லோரும் அவரோடு மேசையைச் சுற்றி நின்றார்கள்.

புதிதாக வந்த தலைமையாசிரியர் இதைக் கேள்விப்பட்டார். "நானும் வரலாமா டீச்சர்? கத்துக்கத்தான்" என்றார். கணக்கு டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. தானே அழைத்துப் போய் நாற்காலி போட்டார். தலைமையாசிரியர் ஒரு மாதம் வாயே திறக்காமல் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ஆண்டுத் தொடக்கக் கூட்டத்தில் தலைமையாசிரியர் பாடங்களைப் பிரித்துக் கொடுத்தபோது, மைக்செட்டுக்கு ஆறாம் வகுப்பும் நூலகப் பொறுப்பும் மட்டும் இருந்தன.

"பத்தாம் வகுப்பு சார்?"

"மின்சாரம் வரலன்னு நீங்களேதான சொன்னீங்க?"

அறையில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை. அடுத்த அறிவிப்பு: கணக்கு டீச்சர் இனி ஆசிரியர் குழு ஒருங்கிணைப்பாளர்.

அவர் நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனார். "இந்தப் பொறுப்பு எனக்கு வேணாம் சார். நம்பி சொன்னத இப்படியா பண்ணுவீங்க?"

"நான் என்ன பொய்யா சொன்னேன்? பிள்ளைங்க படிப்பு முக்கியம் இல்லையா?"

பதவியை மறுத்ததைச் சொல்ல நூலகத்துக்கு ஓடினார். மைக்செட் புத்தகத்தைத் தட்டி அடுக்கிக்கொண்டே, "அவர கூட்டிட்டு வந்தது நீங்கதானே" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி டீச்சர் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் கட்டாயமானது. ஆய்வகம் நிரம்பி வழிந்தது. தலைமையாசிரியர் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கேட்டார்.

"நல்லா போகுது சார்."

"ஒண்ணும் பிரச்சினை இல்ல சார்."

கணக்கு டீச்சரின் முறை வந்தது. யாராவது ஒருவர் பின்தொடர மாட்டார்களா என்ற நப்பாசையில், "என் கிளாஸ்ல பாதிப் பேருக்கு இன்னும் வகுத்தலே வரல" என்றார்.

தலைமையாசிரியரின் பேனா அசைந்தது. "அடுத்து?"

"எங்க கிளாஸ்ல எல்லாரும் நல்லா பண்றாங்க சார்" என்றார் பக்கத்தில் இருந்தவர், தன் நாற்காலியை டீச்சரிடமிருந்து சற்றே நகர்த்தியபடி.