மூன்று பின்னல்

"உள்ள யாரும் வர வேணாம்னு சொன்னேன்ல?"

கொல்லையில் நாலு பக்கமும் போர்வை கட்டி மறைத்திருந்தார்கள். உள்ளே போகும் இடைவெளியில், இரண்டு கம்புகளையும் ஆளுக்கொரு கையால் பிடித்துக்கொண்டு மஜீதா குறுக்கே நின்றாள். அவளுக்குப் பின்னால், பலகையின் மேல், வெள்ளைத் துணி போர்த்தி உம்மா கிடந்தாள். எதிரே நின்றது வாப்பாவின் அக்கா செய்யதம்மா மாமி. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, கையில் புதுசாக ஒரு மரச்சீப்பையும் பிடித்துக்கொண்டு, குளிப்பாட்டத் தயாராக வந்திருந்தாள்.

"வராம? உங்க உம்மா தானா எந்திரிச்சுக் குளிச்சுக்குவாளா?" என்றாள் மாமி.

"நான் குளிப்பாட்டிக்கிறேன்."

"நீ இதுவரைக்கும் எத்தனை மையித்துக் குளிப்பாட்டியிருக்க?"

பிணத்தைக் கிட்ட நின்று பார்த்ததே மஜீதாவுக்கு இது இரண்டாவது தடவை. மாமியோ, பெரியபட்டினத்தில் அந்தத் தெருவில் மௌத்தான பொம்பளைகளில் பாதிப் பேரைக் குளிப்பாட்டியவள். எதையும் வாங்கிக்கொண்டு செய்கிற வேலை இல்லை. கை பழகிப்போனதால் கூப்பிடுவார்கள், போவாள். ஊருக்கெல்லாம் தண்ணீர் ஊற்றியவள் சொந்தத் தம்பி பெண்டாட்டிக்கு ஊற்றாமல் திரும்பினால் ஊர் என்ன ஏது என்று கேட்காமல் இருக்குமா? கொல்லை நிறைய நின்ற பொம்பளைகள் இப்போதே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உம்மா காலையில், ஊற்றி வைத்த கஞ்சி ஆறுவதற்குள் போய்விட்டாள். பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பள்ளிவாசலில் முடிவாகிவிட்டது. அடுப்பில் இலந்தை இலை போட்ட தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. இனிமேல் அழுவதற்குக்கூட நேரமில்லை என்னும்போது மஜீதா வாசல் காத்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அவளுக்கு மாமி மேல் வந்த கோபத்தைவிட, துணிக்குள் கிடந்த உம்மாவின் மேல்தான் அதிகக் கோபம் வந்தது. இப்படி ஒரு சத்தியத்தை வாங்கிக்கொண்டு போனவள் அவள்தானே.

எல்லாம் முடியால் வந்த வினை.

உம்மா ஹமீதா பானுவின் முடி என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. அவள் கல்யாணத்தன்று, மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைகள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது, செய்யதம்மா மாமி பெண்ணின் பின்னலைப் பிடித்து ஒரு இழு இழுத்து, "சொந்தமா, சவுரியா?" என்று கேட்டாளாம். எல்லோரும் சிரித்தார்கள். பெண் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு நாத்தனாருக்கும் அவளுக்கும் எத்தனையோ சண்டை. பாகம் பிரித்ததில் சண்டை, விருந்துக்குச் சொல்லாததில் சண்டை. ஆனால் எல்லாச் சண்டையும் கடைசியில் அந்த ஒரு இழுப்பில் வந்துதான் நிற்கும். மாமிக்குச் சின்ன வயசிலிருந்தே எலிவால் போலத்தான் முடி. அதனால் மாமி வருகிற நாளாகப் பார்த்துத்தான் உம்மா தலை முழுகுவாள். நடு முற்றத்தில் நின்றுகொண்டு, காய்ந்த முடியை மறுபடியும் மறுபடியும் உதறிக் காயவைப்பாள்.

தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன மறு வருசம் உம்மாவுக்குக் கழுத்தில் கழலை கட்டியது. ராமநாதபுரத்து டாக்டர் கையை விரித்துவிட்டு மெட்ராசுக்கு எழுதிக் கொடுத்தார். வாப்பா கொழும்புக் கடையை விட்டு வர முடியாமல் கிடந்ததால், மஜீதாதான் போட் மெயில் ரயிலில் கூட்டிக்கொண்டு போனாள். பெரிய ஆஸ்பத்திரியில் புதுசாக வந்த மருந்து ஒன்றை நரம்பில் ஏற்றினார்கள். உம்மா குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். அதற்கெல்லாம் அழவில்லை. மண்ணடியில் தங்கியிருந்த வீட்டில் ஒரு நாள் காலை எழுந்து உட்கார்ந்தவள், பின்னல் தன்னோடு எழுந்து வராமல் தலையணையிலேயே கிடந்ததைப் பார்த்துவிட்டு அழுதாளே, அதுதான் அழுகை.

மஜீதாவுக்குத் தாங்கவில்லை. "உசுரு போயிருமோன்னு அழுதாலும் ஒரு நியாயம் இருக்கு. முடிக்குப் போயா இப்படி அழுவாக?" என்று கத்தினாள்.

"உசுரு போனா ஒரு நா பேச்சு" என்றாள் உம்மா. "இது தெரிஞ்சா உங்க மாமிக்குக் காலம்பூரா பேச்சு."

ஊருக்குத் திரும்பியதும் நாடகம் ஆரம்பித்தது. துப்பட்டி போடுகிற வீட்டில் தலையை மறைப்பது ஒன்றும் கஷ்டமில்லை. உம்மா தூங்கும்போதும் அதை எடுக்கவில்லை. போன மாதம் கொழும்பிலிருந்து வந்த வாப்பாகூட உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. மறைத்ததோடு விட்டிருந்தால் மஜீதா பொறுத்திருப்பாள். வெள்ளிக்கிழமை தவறாமல் அறைக் கதவைச் சாத்தச் சொல்லி, எண்ணெய்க் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, "வெடுக்குன்னு இழுக்காதடி, சிக்கு எடுத்துட்டு வாரு" என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி உம்மா சத்தம் போடுவாள். கையால் பிடிக்க ஒரு இழை இல்லாத தலையில் மஜீதா எண்ணெய் தடவுவாள். மல்லிகைப் பூவை வாங்கித் துப்பட்டிக்கு உள்பக்கம் ஊசி குத்தி வைக்க வேண்டும். மாத்திரை விழுங்கச் சொன்னால் நாலு தடவை முகத்தைத் திருப்புகிறவளுக்கு இதற்கு மட்டும் தெம்பு எங்கிருந்து வந்ததோ.

மாமியும் விடாமல் வெள்ளிக்கிழமைகளில்தான் வருவாள். ஜும்மா முடிந்ததும் மீன் ஆணத்தையோ கஞ்சியையோ மூடி எடுத்துக்கொண்டு வந்து, சாத்திய கதவுக்கு முன்னால் நிற்பாள். "உம்மா தூங்குறாக மாமி" என்று மஜீதா சொல்லுவாள். உள்ளேயிருந்து எண்ணெய் வாசம் வரும். மாமி சட்டியை வைத்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே போய்விடுவாள்.

போன வாரம் உம்மா மஜீதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மௌத்தானாலும் இந்தத் தலை அவ கண்ணுல படக் கூடாது. அல்லா மேல சத்தியம் பண்ணு." மஜீதா சத்தியம் செய்தாள். அந்த நேரத்தில் வேறென்ன செய்ய முடியும்?

"ஏன் புள்ள, தனியா ஒருத்தியா ஏலுமா?" என்றாள் பக்கத்து வீட்டுக் காலிதா. "முடியை மூணாப் பிரிச்சுப் பின்னிப் போடணும்ல? ஹமீதா பானு லாத்தா முடியப் பிடிக்கிறதுக்கே ரெண்டு ஆளு வேணுமே."

பொம்பளை மையித்துக்கு அப்படி மூன்று பின்னல் போட்டுத் தலைக்குப் பின்னால் விடுவது முறை. கூட்டத்தில் நாலைந்து பேர் ஆமாம் என்று தலையாட்டி, அந்த முடியை நினைத்து மூக்கை உறிஞ்சினார்கள். மஜீதாவுக்குக் கம்பைப் பிடுங்கி எறியலாம் போல் இருந்தது.

வாப்பா வாவு முகம்மது கொல்லைக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார். "மஜீதா, நேரமாவுதும்மா. அக்காவ உள்ள வுடு. ஊரு பாத்துக்கிட்டு இருக்கு."

உம்மாவுக்கு முடி இல்லை. மூன்று வார்த்தையில் சொல்லி முடித்துவிடலாம். சொன்னால் சத்தியம் போச்சு. சொல்லாமல் மாமியை உள்ளே விட்டாலும் போச்சு. விடாவிட்டால் உள்ளே எதையோ மறைக்கிறாள் என்று இன்றைக்கே ஊர் பேச ஆரம்பித்துவிடும். எந்தப் பக்கம் போனாலும் உம்மாவிடம் அவள் தோற்றுத்தான் ஆக வேண்டும்.

"என்னத்தையும் பண்ணுங்க" என்று பல்லைக் கடித்தாள்.

கொடியில் கிடக்கும் துணியை ஒதுக்குவதுபோல் மாமி அவள் கையை ஒதுக்கிவிட்டு உள்ளே வந்தாள். பின்னாலேயே நுழையப் பார்த்த காலிதாவை, மஜீதாவின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தடுத்தாள். "நீ வெளிய நின்னு தண்ணி எடுத்துக் குடு. ரெண்டு ஆளு போதும்."

மாமி உடம்பைச் சுத்தம் செய்து, தொழுகைக்கு முன்னால் கழுவுவதுபோல் கை கால் முகம் கழுவி ஒளு செய்வித்தாள். பிறகு தலைத்துணியில் கையை வைத்தாள். மஜீதா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தலைக்கு நான் ஊத்துறேன் மாமி."

"கையை எடுடி."

துணி வந்துவிட்டது.

ஊசியை நிறுத்திக் கொஞ்ச நாள் ஆகியிருந்ததால், பிறந்த பிள்ளையின் தலையில் இருப்பதுபோல் பூமயிர் மட்டும் முளைத்திருந்தது. மாமி துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"மாமி, தண்ணி தரவா?" என்று வெளியிலிருந்து காலிதா கேட்டாள்.

"இரு."

மாமியின் உதடு ஒரு ஓரமாகக் கோணும், அதைப் பார்த்ததும் சொல்லிவிட வேண்டும் என்று மஜீதா மனசுக்குள் ஒரு வார்த்தையை வைத்திருந்தாள். இந்தச் சாவு வீட்டோடு உறவையே அறுத்துவிடுகிற வார்த்தை அது. உதடு கோணவில்லை.

"எப்பருந்து?" என்றாள் மாமி, மெதுவாக.

"மெட்ராஸ்லருந்து. ஊசி போட்டதுல."

"அப்ப வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம எண்ணெ தேச்சது?"

மஜீதா தரையைப் பார்த்தாள்.

"வெடுக்குன்னு இழுக்காதன்னு கத்துனது?"

"ஆமா மாமி."

மாமி பலகையில் கிடந்தவள் பக்கம் திரும்பினாள். "கிறுக்கச்சி" என்றாள், வெளியில் கேட்காத குரலில். "இதுக்காடி எனக்குக் கதவைச் சாத்துன? பழசை நெனச்சுத்தான் மொகங் குடுக்க மாட்டேங்குறன்னு நெனச்சேன்டி. முடி இல்லாட்டி என்ன? நான் முடி இல்லாமத்தானடி அறுவது வருசம் குப்பை கொட்டியிருக்கேன்."

மஜீதாவுக்கு ஆறுதலாக இல்லை. இன்னும் ஆத்திரமாக வந்தது. "இதை அவுக உசுரோட இருக்கையில சொல்லியிருக்கலாம்ல?"

"எங்க சொல்ல வுட்டா?"

இத்தனை நாளும் கதவுக்கு முன்னால் நின்று தூங்குறாக என்று சொன்னது மஜீதாதான். ஒரு கதவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பொம்பளைகள், நடுவில் தான். இன்றைக்கும் அதே இடத்தில்தான் நின்றிருக்கிறாள்.

மாமி உள்ளங்கையால் அந்தத் தலையைத் தேய்த்துக் கழுவினாள். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும், தண்ணீர் முகத்தில் வழியாமல் நெற்றியில் கையை அணைகொடுத்து, மறுபடியும் மறுபடியும் ஊற்றினாள். பிடரிக்கு வந்ததும் பழக்கத்தில் விரல்கள் மூன்றாகப் பிரிக்கப் போயின. பிரிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றன. பிறகு கற்பூரத் தண்ணீரைக் கேட்டு வாங்கினாள். சீப்பைத் தொடவே இல்லை.

கபன் துணி சுற்றி, தலைத்துணியை நெற்றிவரை இறக்கிக் கட்டி, முகத்தை மட்டும் திறந்து விட்டார்கள். மாமி இடுப்பில் செருகிய தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

பொம்பளைகள் சூழ்ந்துகொண்டார்கள். "மூணு பின்னலும் போட்டீகளா மாமி?" என்றாள் காலிதா. "கடைசியா ஒருக்கா பாக்க ஏலாமப் போச்சே."

உள்ளே நின்ற மஜீதா போர்வைக்குக் கிட்ட வந்து காதைக் கொடுத்தாள்.

"போட்டோம்" என்றாள் மாமி. "கையில அடங்குனாத்தான? ஆளுக்கு ஒரு பக்கமாப் பிடிக்க வேண்டியதாப் போச்சு."

யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

"அம்புட்டும் சொந்த முடி" என்றாள் மாமி, இன்னும் கொஞ்சம் சத்தமாக. "சவுரி ஒரு இழை கெடையாது. நான் பாத்தேன்."

பாத்திரங்களை எடுக்கக் காலிதா மறைப்பை நோக்கி வருகிற சத்தம் கேட்டது. மஜீதா சுற்றிலும் பார்த்தாள். பலகை, செம்பு, துணிகள் எல்லாம் நனைந்து கிடந்தன. ஓரத்தில் அந்த மரச்சீப்பு மட்டும் காய்ந்தபடி இருந்தது. அவள் அதை எடுத்து, மிச்சமிருந்த இலந்தைத் தண்ணீரில் முக்கி, செம்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.