திரும்ப எழுதியவருக்குப் பரிசு

1

இந்தக் கதையை என்னிடம் ஒப்படைத்தவர் ஒரு பல்கலைக்கழகக் கிளார்க். அறக்கட்டளைப் பிரிவு. "சார், நீங்க கொலைக் கதை எழுதறவர். இதுல கொலையே கிடையாது. ஆனா குத்தவாளி உண்டு. நான்தான்" என்றார்.

2

முதல் தொடக்கம்: 'கதவு படாரென்று திறந்தது. உள்ளே நுழைந்த உருவம்...'

(அடித்துவிட்டேன். வந்தவர் கதவைத் தட்டிவிட்டு, கூப்பிடும்வரை வெளியிலேயே நின்றவர்.)

பேருந்துப் பணிமனை மெக்கானிக். நகக்கண்ணில் கிரீஸ். ஓய்வுபெற்றபோது வந்த பணம் முழுவதையும் மகள் பெயரில் கொடுக்க வந்திருந்தார். அசலைத் தொடாமல், அதன் வட்டியில் வருடா வருடம் ஒரு பரிசு, பல்கலைக்கழகம் உள்ளவரை. மகள் அங்கேதான் வேதியியல் படித்தாள். கடைசி ஆண்டில் ஒரு தாளில் தோற்றாள். முடிவு வந்த அன்று சாயங்காலம் தன் அறைக்குள் போனவள்

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை.)

3

பரிசு யாருக்கு என்று கிளார்க் கேட்டார்.

"ஃபெயிலாயிட்டு, திரும்ப எழுதிப் பாஸ் பண்ற பிள்ளைக்கு. ஃபர்ஸ்ட் வர்றவங்களுக்குத்தான் ஊரே கை தட்டுதே தம்பி."

4

வில்லன் வேண்டுமே என்று பதிவாளரைக் கொடுங்கோலனாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. நடந்தது இவ்வளவுதான்: அந்தப் பிரிவில் நிபந்தனைப் பத்திரம் அச்சடித்தே இருக்கும். 'அதிக மதிப்பெண் பெறும் மாணவருக்கு.' வேறு நிபந்தனை என்றால் கோப்பு மூன்று குழுக்களின் படியேறி இறங்க வேண்டும். கிளார்க்குக்குத் தலைக்கு மேல் வேலை. அச்சடித்ததையே நீட்டினார். நீங்கள் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லி, மெக்கானிக் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

5

முதல் பரிசளிப்பு. ஒலிபெருக்கியில் மகள் பெயர். மேடையேறியவள், துறையிலேயே முதல் மதிப்பெண் வாங்கிய பெண். மெக்கானிக் எழுந்து நின்று கை தட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டினார். பிறகு, பக்கத்தில் நின்ற கிளார்க்கின் காதோரம் குனிந்தார்.

"இந்தப் பாப்பாவுக்கு எந்த பேப்பர் தம்பி போச்சு?"

6

இரண்டு முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

ஒன்று: ஆர்கானிக் தாள், ஆறே மாதத்தில் திரும்ப எழுதிவிட்டாள் என்று கிளார்க் சொல்கிறார். மெக்கானிக் நிம்மதியாக வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்வார். ஆனால் பத்திரத்தைத் திருத்த வேண்டுமென்றால், பணம் கொடுத்தவரின் கையெழுத்து வேண்டும்; பொய் சொன்ன பிறகு அதை அவரிடம் எப்படிக் கேட்பது? அவர் காலம் முடிந்தால் அந்த வரி கல்லில் வெட்டியதுதான். தோற்ற பிள்ளை ஒருவருக்கும் அந்தப் பரிசு என்றைக்கும் போகாது.

இரண்டு: உண்மை. திருத்திவிடலாம். ஆனால் அந்த அரங்கில், அந்த நிமிடத்தில், அவர் மகளை மறுபடியும்

(இதையும் விட்டுவிடுகிறேன்.)

நிஜத்தில் என்ன சொன்னீர்கள் என்று கிளார்க்கைக் கேட்டேன். அவர் என்னையே திருப்பிக் கேட்டார். "நீங்களா இருந்தா என்ன சார் சொல்லியிருப்பீங்க?"

நாலு நாளாக யோசிக்கிறேன். நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். மெக்கானிக் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.